லூர்துமேரியின் பத்துப் படிகள்

எங்கள் அலுவலகத்தில் இருந்த மூன்று கணினிகளுக்கும் பொட்டு வைத்திருந்தோம். ஆயுத பூசைக்கு வைக்கிற சந்தனம் குங்குமம் இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் அட்டை அட்டையாக விற்கிற ஸ்டிக்கர் பொட்டு. திரையின் மேலேயே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒட்டியிருக்கும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் யாரும் அவரைத் திருத்தவில்லை. மேலதிகாரியைத் திருத்தச் சொல்லி எந்த அரசாணையும் இல்லை.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். விழுப்புரத்தில் இருந்தது, அரசாங்கத்துடையது, அது போதும். நான் ஓய்வூதியம் வாங்கிச் சாப்பிடுகிறவன். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடம் போய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சமயத்தில் அவர்கள் என்னை நம்ப வேண்டும்.

பொட்டு வைத்தவர் லூர்துமேரி. தன் நெற்றியில் பொட்டு வைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அலுவலகத்துக்காகத்தான் கடைக்குப் போய்ப் பெரிது சிறிது பார்த்து வாங்கி வருவார். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், அது தவிர்க்க முடியாது.

1993 செப்டம்பர் கடைசியில் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தனி மாவட்டமாக்கினார்கள். மாவட்டம் பிறந்த வேகத்துக்கு நாற்காலிகள் பிறக்கவில்லை. எங்கள் அலுவலகம் ஒரு வாடகை வீட்டில் தொடங்கியது. கண்காணிப்பாளருக்குச் சமையலறை கிடைத்தது. அடுப்பு மேடையில் கோப்புகள், கரண்டி மாட்டும் ஆணியில் வருகைப் பதிவேடு. நான் தேர்வெழுதி வந்த இளநிலை உதவியாளன் என்பதால் ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தார்கள். தட்டச்சு இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது, தட்டச்சர் வரவில்லை. தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மேலே இருந்து சொன்னார்கள். அப்படித்தான் கிளியனூரிலிருந்து மேரி வந்தார்.

அப்போது அவருக்கு இருபது வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர்கள். மேரி திண்டிவனத்தில் தட்டச்சு படித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முதல் வகுப்பில் தேறியிருந்தார். கிளியனூரில் பஸ் ஏறித் திண்டிவனம், அங்கிருந்து இன்னொரு பஸ் விழுப்புரம். பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவார். விழுப்புரத்திலேயே குடியிருந்த நாங்கள் பதினொன்றுக்கு வந்து, பஸ் கிடைக்கவில்லை என்போம்.

தினக்கூலி ஆளைத் தொடர்ந்து தொண்ணூறு நாள் வைத்திருந்தால் அவர் நிரந்தரம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போய்விடுவார் என்று அரசாங்கத்துக்கு ஒரு பயம் உண்டு. அதனால் எண்பத்தொன்பதாவது நாள் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். மேரி இப்படிப் பதினெட்டு ஆண்டுகளில் எழுபது தடவைக்கு மேல் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் அலுவலகத்தில் அத்தனை முறை நியமன உத்தரவு வாங்கியவர் வேறு யாரும் இல்லை. அத்தனையையும் அடித்துக்கொடுத்ததும் அவர்தான்.

2000 வாக்கில் சொந்தக் கட்டடத்துக்குப் போனோம், கணினியும் வந்தது. ஒரு வருடம் உறை போட்டே வைத்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். ஏசி இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையப் பேர் போனோம். உறையைக் கழற்றி அதை வேலை வாங்கியவர் மேரி மட்டும்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அமுக்கிப் பார்ப்பார், வந்ததைக் குறித்துக்கொள்வார், மறுபடி அமுக்குவார்.

பிறகு 2007. தணிக்கைக்கு வந்த ஒருவர், கணினியில் ஓடும் விண்டோஸுக்கு ரசீது எங்கே என்று கேட்டுவிட்டார். ரசீதுக்கு எங்கே போவது? எல்லார் வீட்டிலும் எப்படி இருந்ததோ அப்படித்தான் எங்களிடமும் இருந்தது. இனி லினக்ஸ்தான் என்று உத்தரவு வந்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், சட்டத்துக்கும் பயப்பட வேண்டாம்.

"இலவசம்ன்றான். டோக்கன் எங்கய்யா குடுக்கறான்?" என்று என்னிடம் கேட்டார் கண்காணிப்பாளர் பச்சைமுத்து.

பச்சைமுத்து பதவி உயர்வில் எங்களிடம் வந்தவர். மீசைக்கு மட்டும் சாயம் அடிப்பார். கோப்பில் கையெழுத்துப் போடும்போது தொண்டையைக் கனைத்துக்கொள்வார், என்னமோ தீர்ப்பு எழுதுகிற மாதிரி. அவரை நான் மதித்ததில்லை. டீக்கடையில் அவர் மாதிரி நடித்துக் காட்டுவேன், நண்பர்கள் சிரிப்பார்கள். அந்த ஊரில் அநியாயத்தைத் தட்டிக்கேட்கிற ஒரே ஆள் நான்தான் என்று டீக்கடை வரைக்கும் பெயர் இருந்தது.

சென்னையிலிருந்து அரிபிரசாத் என்று ஒரு பொறியாளர் வந்து மூன்று கணினியிலும் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டார். போகும்போது மேரிக்கு ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இருக்கிற இயந்திரம் வேறு, திரையில் தெரிகிற முகம் வேறு. முகத்துக்கு டெஸ்க்டாப் என்று பெயர். இப்போது மாட்டியிருக்கிற முகத்தின் பெயர் க்னோம். மேலே ஒரு பட்டை இருக்கும், அதன் இடது மூலையில் இருக்கிற சொல்லைத் தட்டினால் பட்டியல் விழும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியல் இங்கிலீஷில் பொடிப்பொடி எழுத்தில் இருந்தது. பச்சைமுத்துவுக்குக் கண்ணில் புரை. எங்களுக்குப் புரை இல்லை, ஆனாலும் படிக்கவில்லை. ஒரு வாரம் எல்லாரும் மேரியையே கூப்பிட்டோம். ஒருவருக்குத் திறந்து கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொருவர் மூடியிருப்பார். அடுத்த திங்கட்கிழமை மூன்று திரையிலும் பொட்டு இருந்தது.

"சார், இங்கிலீஷ் படிக்க வேணாம்," என்றார் மேரி. "செவப்புப் பொட்டுகிட்ட அம்ப கொண்டாந்து ஒரு தட்டு. லிஸ்டு உழும். பச்சைப் பொட்டுக்கு வந்து இன்னொரு தட்டு. லெட்டரு தெறந்துக்கும்."

"நீலம் எதுக்கும்மா?" என்று கேட்டார் பச்சைமுத்து.

"நடுவுல பொட்டி மாதிரி வந்து எதனா கேக்கும் சார். இன்னா கேட்டாலும் நீலத்த தட்டுங்க. அதுக்கு ஆமாம்னு அர்த்தம்."

நீலப் பொட்டு பச்சைமுத்துவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. முப்பது வருடமாக அவர் பார்த்துவந்த உத்தியோகமே அதுதான்.

பொட்டோடு மேரி நிற்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், கடிதம் திறப்பது, தமிழுக்கு மாற்றுவது, சேமிப்பது, அச்செடுப்பது என்று ஒவ்வொரு வேலையையும் பத்துப் படியாகப் பிரித்து எழுதினார். படி ஒன்று, படி இரண்டு என்று நம்பர் போட்டு, ஒரு படிக்கு ஒரு வரிக்கு மேல் போகாமல். அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஓட்டுநர் கூட விடுப்பு விண்ணப்பம் அடித்து அச்செடுத்தார். நான் பார்த்த அரசாங்க எழுத்தில் புரிகிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

பச்சைமுத்துவுக்கு அந்த நோட்டின் மேல் கண் விழுந்தது. 2008இல் அதைச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ‘கட்டற்ற மென்பொருள் வழி அலுவலகப் பணிகள்: வழிகாட்டிக் கையேடு. ஆக்கம்: பச்சைமுத்து, கண்காணிப்பாளர்.’ ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுக்கச் சொன்னார். பார்த்துக் கொடுத்தேன். உள் அட்டையில் கீழே சின்ன எழுத்தில் ‘தொகுப்பு உதவி: அய்யப்பன்’ என்று என் பெயரைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சென்னையில் அச்சடித்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். பச்சைமுத்துவுக்கு ஒரு சால்வையும் சான்றிதழும் கிடைத்தன. நோட்டில் இருந்த பொட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்று தப்பிவிட்டது. இருபத்தோராம் பக்கத்தில் ‘பச்சைப் பொட்டைத் தட்டவும்’ என்று நின்றுவிட்டது. தெற்கே ஒரு மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது, பச்சைப் பொட்டு எங்களுக்கு இன்னும் வழங்கப்படவில்லை, எந்தத் தலைப்பில் கொள்முதல் செய்வது என்று. அதற்குப் பதில் அடித்ததும் மேரிதான்.

தன் நோட்டு இன்னொருவர் பெயரில் புத்தகமாக வந்ததைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை மறு நியமன உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவரிடம் யார்தான் சண்டைக்குப் போவார்கள்?

2011இல் மேரிக்கு விடிகிற மாதிரி ஒரு உத்தரவு வந்தது. எங்கள் துறையில் பத்து ஆண்டுக்கு மேல் தினக்கூலியில் இருக்கும் தட்டச்சர்களை நிரந்தரமாக்கலாம், ஒரு செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். ஐம்பது மதிப்பெண் தட்டச்சுக்கு. ஐம்பது, கணினியில் கடிதத்தைத் திறந்து அச்செடுக்கும் முறைக்கு, கையேட்டின்படி, படிக்கு ஐந்து. இரண்டிலும் பாதியாவது எடுக்க வேண்டும். தவறினால் மறு வாய்ப்பு கிடையாது, எண்பத்தொன்பது நாளும் கிடையாது, அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, அவரவர் அலுவலகத்திலேயே தேர்வு.

மேரிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வீட்டுக்காரர் திண்டிவனத்தில் மினி வேன் ஓட்டுகிறவர், அது ஓடிய நாளைவிட மெக்கானிக்கிடம் நின்ற நாள் அதிகம். ஒரே பெண் ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர வேண்டும் என்று காத்திருந்தாள். தேர்வு தன்னுடைய நோட்டை வைத்துத்தான் என்பதால் மேரி பயப்படவில்லை. நாங்களும் பயப்படவில்லை. தாய் வீட்டுக்குப் போகிறவள் வழி கேட்க வேண்டுமா என்று நான் கூடச் சொன்னேன்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மேரி அலுவலகத்தில் இல்லை. எண்பத்தொன்பது நாள் முடிந்திருந்தது, அன்றைக்கு அவர் அரசாங்கத்துக்கு யாரோ. காலையில் மூன்று கணினியையும் நாங்களே போட்டோம். மூன்றிலும் நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. மூன்றிலும் நீலப் பொட்டுக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது. மூன்று பேரும் தட்டினோம். கடவுச்சொல் கேட்டது. அது திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது, பார்த்துப் போட்டோம். பிறகு ஒரு கோடு மெல்ல மெல்ல நீள ஆரம்பித்தது.

நாங்கள் ஆமாம் என்று சொன்னது எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. உபுண்டுவைச் செய்கிறவர்கள் அந்த ஏப்ரலில் புதுப் பதிப்பு விட்டிருந்தார்கள். அதில் க்னோம் முகத்தை ஒதுக்கிவிட்டு, யூனிட்டி என்று தாங்களே செய்த முகத்தை மாட்டியிருந்தார்கள். உலகமெங்கும் அதைப் பற்றி ஆட்கள் அடித்துக்கொண்டார்களாம். வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாமல் மூன்று வாக்கும் ஒரே நிமிடத்தில் விழுந்துவிட்டன.

கோடு பாதி வந்தபோது கரண்டு போய்விட்டது. அந்த வருடம் கரண்டு வந்ததுதான் செய்தி. நடுவில் நிறுத்தக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். யூபிஎஸ் கூவ ஆரம்பித்தது. பச்சைமுத்து ஆடிப்போய், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கேட்டு, அவர்கள் ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சொன்னார். அங்கே வளைகாப்பு. ஒயர் கொடுத்தவர்கள் எங்களுக்குக் கலந்த சாதமும் கொடுத்தார்கள். நாலு மணிக்கு மூன்று கணினியும் தாமாகவே அணைந்து எழுந்தன.

மேலே இருந்த சொல்லைக் காணோம். பட்டியலைக் காணோம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை பட்டன் பட்டனாகச் சில படங்கள், மளிகைக் கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட் சரம் மாதிரி. சிவப்புப் பொட்டைத் தட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. பச்சைப் பொட்டைத் தட்டினோம். நீலத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார் பச்சைமுத்து.

"ஆமாம்னு சொல்றேன், கேக்கமாட்டேங்குதே," என்றார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்களுக்கு ஆடவும் தெரியாது, கூடத்தையும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரிபிரசாத்துக்குப் போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். பழைய முகத்தையும் தேர்ந்தெடுத்துக்கொள்ள உள்ளேயே ஒரு வழி இருந்தது என்று அவர் சொன்னது அடுத்த புதன்கிழமை.

சனிக்கிழமை விடுமுறை, ஆனாலும் பச்சைமுத்து சொல்லி அனுப்பியதால் காலையிலேயே மேரி வந்தார். அவர் சாவியோடு காத்திருந்தார். நானும் போயிருந்தேன், உதவிக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. மேரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு சார் அமுக்குனது?"

"பொட்டி கேட்டுச்சிம்மா," என்றார் பச்சைமுத்து. "நீதான சொன்ன, இன்னா கேட்டாலும் நீலம்னு."

மேரி கணினியின் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு படமாகத் தட்டிப் பார்த்தார். வந்ததைப் பழையபடி நோட்டில் குறித்தார். மதியம் சாப்பிடவில்லை. இரண்டு மணி வாக்கில் மேலே இருந்த முதல் படத்தைத் தட்டினார், ஒரு நீளமான கட்டம் திறந்தது. அதில் ஒரு சொல்லை அடித்தார். எங்கள் கடிதங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பேரு போட்டுக் கூப்டா வருது சார்," என்றார். "மின்னாடி இன்னா எடத்துல கீதுன்னு தெரிஞ்சாப் போதும். இப்ப அதும்பேரு இன்னான்னு தெரியணும்."

"இது பேஜாருமா. பழசயே கொண்டாந்துடு," என்றார் பச்சைமுத்து.

"இது நல்லாதான் சார் கீது. நமக்குத்தான் பேரு தெரியல."

சொல்லிவிட்டு, மூன்று திரையிலும் இருந்த பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

திங்கட்கிழமை பத்தரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து சீனுவாசன் வந்தார். உதவி இயக்குநர். நெற்றியில் திருமண், கையில் கையேடு, கையேட்டுக்குள் மதிப்பெண் தாள். கடுமையான ஆள் இல்லை. மேரியை உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிங்கம்மா என்றார். அறையில் பச்சைமுத்துவும் நானும் சாட்சிக்கு உட்கார்ந்தோம்.

மேரி முதல் படத்தைத் தட்டினார், பெயரை அடித்தார், கடிதம் திறந்தது. தமிழுக்கு மாற்றினார். சீனுவாசன் கொடுத்த ஒன்றரைப் பக்கத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்தார். அச்சுப்பொறி தாளைத் துப்பியது. பதினொரு நிமிடம். தட்டச்சுக்கு ஐம்பதுக்கு ஐம்பது என்று போட்டார் சீனுவாசன். பிறகு கையேட்டைப் பிரித்தார்.

"படி ஒண்ணு. திரையின் மேல் இடது மூலையில் உள்ள முதல் சொல்லைச் சொடுக்கவும். இதை நீங்க செய்யலையேம்மா."

"அந்தச் சொல்லு இப்ப இல்லீங்க சார். முகம் மாறிப்போச்சி."

"படி ரெண்டு, விழும் பட்டியலில் நான்காவது வரி. பட்டியலும் விழலை. படி மூணும் இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "லெட்டர் வந்துடுச்சு, நான் கண்ணால பார்த்தேன், இல்லேங்கலை. ஆனா ஆரம்பப் படி தப்புன்னா அடுத்த படிகளுக்கு மார்க் போடக் கூடாதுன்னு உத்தரவு. நான் போட்டா நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேட்பாங்க."

ஐம்பதுக்கு சைபர். தான் எழுதிய புத்தகத்தில் மேரி சைபர் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது, இதை டீக்கடையில் எப்படிச் சொல்வது என்று கூட யோசித்தேன். அப்போது மேரியைப் பார்த்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சீனுவாசனுக்கும் மனசு கேட்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முகம் தெளிந்தார்.

"அட, நூலாசிரியரே இங்கதானே இருக்கார். பச்சைமுத்து சார், ஒண்ணு செய்யுங்க. புது முறையும் சரிதான்னு, இதே மாதிரி பத்துப் படியா இப்பவே எழுதி, ஆசிரியர்ங்கற முறையில கையெழுத்துப் போடுங்க. கையேட்டுக்குத் திருத்தம்னு சேர்த்துக்கறேன். அம்மாவுக்கு முழு மார்க்."

வெள்ளைத் தாளைப் பச்சைமுத்துவின் முன்னால் வைத்தார். பச்சைமுத்து தொண்டையைக் கனைத்தார். பேனாவைத் திறந்தார். ‘படி 1’ என்று எழுதினார். அதோடு நின்றது. திரையைப் பார்த்தார். பொட்டு இல்லாத திரை. என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன், ஏசி அறை என்பதால் அது நின்றுகொண்டிருந்தது.

பச்சைமுத்து பேனாவை மூடினார்.

"சார், இத நான் எழுதுலீங்க."

"இப்பதானே எழுதச் சொல்றேன்."

"இத இல்லீங்க. அந்தப் பொஸ்தகத்த." எழுந்து நின்றார். "அந்தம்மா எழுதன நோட்டு அது. நான் எம்பேர போட்டு அனுப்பிட்டேன். எனக்கு அத திறக்கக்கூடத் தெரியாதுங்க. அந்தம்மா ஒட்டன பொட்டப் பாத்து தட்டிக்கினு இருந்தவன் நான். என்னா பண்றீங்களோ பண்ணுங்க, அந்தம்மாவ வுட்டுடாதீங்க."

சீனுவாசன் கையேட்டின் உள் அட்டையைப் பிரித்துப் படித்தார்.

"தொகுப்பு உதவி, அய்யப்பன். நீங்கதானே? இவர் சொல்றது நிஜமா?"

எனக்கு அன்றைக்கு எந்த ஆபத்தும் இல்லை. என் பதவி உயர்வு ஏற்கெனவே வந்துவிட்டது. பச்சைமுத்துவே ஒப்புக்கொண்ட பிறகு அவருக்குப் பயப்படவும் தேவையில்லை. ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டும்.

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றேன். "நான் பிழை மட்டும்தான் பார்த்தேன்."

ஏன் சொன்னேன் என்று கேட்டால், வாய் பழக்கப்பட்டபடி சொன்னது. முப்பது வருடம் யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லித்தான் நான் ஒரு விளக்கக் கடிதமும் எழுதாமல் ஓய்வு பெற்றேன்.

சீனுவாசன் என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு பக்கங்களைப் புரட்டி இருபத்தோராம் பக்கத்தில் நிறுத்தினார். "பச்சைப் பொட்டைத் தட்டவும். இது என்னன்னு நாங்க ஆபீஸ்ல மூணு வருஷமா யோசிச்சிருக்கோம்." தாளைப் பச்சைமுத்துவிடமிருந்து எடுத்து மேரியின் முன்னால் வைத்தார். "நீங்க எழுதினதுன்னா நீங்களே திருத்தம் எழுதுங்கம்மா."

மேரி எழுதினார். பத்துப் படி, ஒரு படிக்கு ஒரு வரி. எழுதி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். கீழே கையெழுத்துப் போடும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீனுவாசன் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு படியாக ஒப்பிட்டு ஐம்பதுக்கு ஐம்பது போட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்தார், அதற்குத் தேவைப்பட்டது ஒரு திருடனின் வாக்குமூலம்.

பச்சைமுத்துவுக்கு மெமோ வந்தது. சால்வையைத் திரும்பக் கேட்கவில்லை, சான்றிதழை மட்டும் கேட்டார்கள். வர வேண்டிய பதவி உயர்வு வராமலே, அடுத்த ஆண்டு கண்காணிப்பாளராகவே ஓய்வு பெற்றார். கையேட்டின் இரண்டாம் பதிப்பில் அவர் பெயர் இல்லை. மேரி பெயரும் இல்லை. ஆக்கம்: தலைமை அலுவலகம் என்று இருந்தது. ‘தொகுப்பு உதவி: அய்யப்பன்’ மட்டும் எப்படியோ அப்படியே இருந்தது.

செப்டம்பரில் மேரிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதையும் அவரேதான் அச்செடுத்தார். திண்டிவனத்திலிருந்து ஒரு கிலோ லட்டு வாங்கி வந்து மேசை மேசையாகக் கொடுத்தார். பச்சைமுத்துவிடம் இரண்டு கொடுத்தார். கடைசியாக என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்று கைகூப்பினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மேரி, நீங்க வந்துடுவீங்கன்னு. அன்னிக்கி நான் பேசாம இருந்தது கூட..."

"சூப்பரெண்டு சாருக்கு பயம் இருந்துச்சி சார்," என்றார் மேரி. கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியில் இருந்து ஒரு லட்டை எடுத்துக் காகிதத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். "வேல போயிடும்னு பயந்துக்கினே சொன்னாரு. உங்களுக்கு ஒரு பயமும் இல்ல. உங்கள யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க. அப்பறம் இன்னாத்துக்கு சார் தெரியாதுன்னீங்க?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். நான் லட்டை வாயில் போட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியை மூடி, தன் நாற்காலிக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் இருக்கிறது.